ஹார்ன்பி பங்களாவின் பித்தளைக் கண்

முட்டைக்கோஸ் லோரியில் வந்து இறங்கிய துப்பறிவாளரை அந்த எஸ்டேட் அதற்கு முன் பார்த்திருக்காது.

சாம்பசிவம் கோட்டில் ஒட்டியிருந்த கோஸ் இலையை இரண்டு விரலால் எடுத்துத் தூரப் போட்டார். பின்னாலேயே குதித்த நவமணி தன் கைப்பையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். கீழே ஈப்போ பட்டணத்தில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சாம்பசிவத்தின் அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. தட்டச்சு செய்ய எதுவும் இல்லாத நாட்களில் அவரோடு அலைவதும் வேலை. மாதத்தில் பாதி அலைச்சல்தான்.

“சார், ஊர்ல டாக்சின்னு ஒண்ணு ஓடுது. நாலு சக்கரம் இருக்கும், மேல கூரை இருக்கும்.”

“லோரியிலயும் அதெல்லாம் இருந்திச்சே.”

“கூரைக்குக் கீழ கோஸ் வாசனையும் இருந்திச்சு.”

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிக்கக்கூடியவன் லோரிக்காரன் இருளப்பன். இன்றைக்குச் சிரிக்கவில்லை. திரிங்காப் காய்கறித் தோட்டத்துச் சரக்கை ஈப்போ பாசாரில் இறக்கிவிட்டு, காலி லோரியோடு நேராக சாம்பசிவத்தின் மாடிப்படியில் வந்து நின்றவன் அவன். வழி முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தான்.

“மாமா எடுக்கலீங்க சார். போலீஸ் ஜீப் எந்நேரமும் வந்துரும்லா. அவரைக் கூட்டிட்டுப் போன கையோட அக்கா எஸ்டேட் குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணணுமாம். சாமான் ஏத்தறதும் இதே லோரியிலதான். நான் எங்க போய் வெப்பேன் அவங்களை?”

விஷயம் இதுதான். தேயிலைக் கொழுந்துக் காட்டுக்கு நடுவே, மேட்டில், கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கிறது ஹார்ன்பி பங்களா. வெள்ளைக்கார துரை ஒருவர் கட்டியது. கம்பெனி அதை நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அப்படியே பழைய சாமான்களோடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் எல்லாரும் முதலில் ஓடுவது ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால். அதில் துரையின் பித்தளைத் தொலைநோக்கி படுத்திருக்கும். நேற்றுக் காலை பேழை பூட்டியபடி இருந்தது. உள்ளே தொலைநோக்கி இல்லை. சாயங்காலம் எல்லா வீடுகளையும் சோதனை போட்டார்கள். பங்களா காவல்காரனும் இருளப்பனின் அக்கா புருஷனுமான முருகையாவின் வீட்டு விறகுக் குவியலுக்குள் அது கிடைத்தது.

“கையும் களவுமா விறகும் பித்தளையுமா” என்றாள் நவமணி. “கேஸ் முடிஞ்சுபோச்சே சார். நாம எதுக்கு?”

“கிடைச்சதுதான் எனக்கு உறுத்துது” என்றார் சாம்பசிவம்.

முருகையாவை எஸ்டேட் அலுவலகத்துச் சாமான் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத்தான் பேச முடிந்தது. ஐம்பதைத் தொடும் ஒல்லியான ஆள். மலைக்குளிரில் ஒற்றைச் சட்டையோடு உரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னது ஒரே ஒரு விஷயம்.

“அது இது இல்லீங்க ஐயா.”

“எது எது இல்லை?”

“விறகுல கிடைச்சதுன்னு எடுத்தாங்களே, நான் கையில வாங்கினேன். கனம் வேற. தெனம் துடைக்கிற கைங்க, தெரியாதா? சொன்னேன். திருட்டுப்பயல் பேச்சைப் பாருன்னு சிரிச்சாங்க.”

சாம்பசிவம் திரும்பி நடந்தார். நவமணி அவர் வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அவர் அப்படி நடந்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம், அல்லது பசி.

*

பங்களா வாசலில் அவர்களை எதிர்கொண்டவர் கிராணி சிங்காரம். பினாங்கிலிருந்து எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுத வந்து, தலை நரைத்து ஓய்வு பெற்று, இப்போது வருகிறவர்களுக்குப் பங்களாவின் சரித்திரம் சொல்பவர். கழுத்தில் டை, கக்கத்தில் பெரிய கறுப்புக் குடை. தூறல் அவர் வழுக்கையில் முத்து முத்தாக நின்றது. குடை மட்டும் மடக்கியபடியே இருந்தது.

“நனையிறீங்களே கிராணியாரே, குடை ஓட்டையா?” என்றாள் நவமணி.

அவர் கண்ணால் போர்ட்டிகோவைக் காட்டினார். அங்கே லேண்ட்ரோவர் மேல் சாய்ந்தபடி முப்பது வயதுக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவி மேனேஜர் தங்கராஜு. எஸ்டேட்டுக்குச் சின்ன துரை.

“துரை நிக்கிற இடத்துல குடை விரிக்கக்கூடாதும்மா. அந்தக் காலத்துப் பழக்கம். கட்டையோடதான் போகும்.”

நவமணிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. சின்ன துரையைப் பிடிக்கவில்லை. அவர் எடுத்த எடுப்பிலேயே, “ஜீப் ரிங்லெட்டுக்கு இந்தப் பக்கம் மண்சரிவுல நிக்குது. அது வர்ற வரைக்கும் சுத்திப் பார்த்துக்குங்க. அதுக்கப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ” என்றார்.

சிங்காரம் உள்ளே அழைத்துப் போனார். சரித்திரம் அவர் வாயில் தண்ணீர் பட்ட பாடு.

“ஹார்ன்பி துரை முப்பதுகள்ல இந்த மலையை அழிச்சுக் கொழுந்து போட்டாரு. இந்தக் கணப்படுப்புக் கல்லு ஒவ்வொண்ணும் அடிவாரத்துலேருந்து தலைச்சுமையா வந்தது. ஜப்பான்காரன் காலத்துல ஒரு ஆபீசர் இங்க தங்கினான், அதோ பியானோ மேல பூட்ஸ் தடம். கம்யூனிஸ்ட் கலகத்து அவசரகாலத்துல சன்னலுக்கெல்லாம் மணல் மூட்டை. எல்லாத்தையும் தாண்டி வீடு நிக்குது பாருங்க.”

நவமணி வீட்டைப் பார்க்கவில்லை. பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டைக் கடிகாரத்தின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். தட்டச்சுப் பொறியில் ஒரு பொட்டு. கிராமபோன், தராசு, துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கி, சமையலறை அடுப்பு, எல்லாவற்றிலும் பொட்டு. குளியலறையை எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், கக்கூஸ் சங்கிலிக்கும் பொட்டு வெச்சிருக்காங்க. அதுவும் ஒரு ஆயுதம்தான்னு வெச்சுக்குங்க.”

“போன வாரம் ஆயுத பூஜை” என்று சிங்காரம் சிரித்தார். “முருகையா சம்சாரம் செல்லம்மாவோட வேலை. வருஷா வருஷம் வெப்பா. நம்ம சனங்களுக்கு இந்த வீட்டு மேல அவ்வளவு பிரியம். துரை மேலயும்தான். ராத்திரியில வராந்தாவுல உக்காந்து தொலைநோக்கியில நட்சத்திரம் காட்டுவாராம், லைன் பிள்ளைகளுக்கு.”

பேழை கூடத்தின் நடுவில் இருந்தது. மீட்கப்பட்ட தொலைநோக்கி வெல்வெட் துணியின் மேல், ஒன்றும் நடக்காதது போலப் படுத்திருந்தது. அதைத் தாங்க வைத்திருந்த முக்காலி பக்கத்திலேயே தனியாக நின்றது. சாம்பசிவம் அந்த முக்காலியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். குனிந்து காலைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“பேழைக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. முருகையா வெச்சிருந்தது இப்ப சின்ன துரை பாக்கெட்ல.” சிங்காரம் குரலைத் தாழ்த்தினார். “ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். பொருள்தான் வந்துருச்சே. போலீஸ், கோர்ட்டுன்னு அந்தக் குடும்பத்தை நாசம் பண்ண வேணாம்னு துரைகிட்ட நானே சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினா போதும், புள்ளகுட்டிக்காரன். கேக்கமாட்டேங்கிறாரு.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நவமணி தன் கைக்குட்டையை நீட்டினாள். கோஸ் வாசனையை அவர் பெரிதுபடுத்தவில்லை.

*

தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. இருளப்பன் லோரியில் பாய், பானை, தையல் மிஷின் என்று ஏற்றிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் ஒரு சாண் திறந்திருந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. செல்லம்மா அந்தக் கதவுகளின் பக்கம் திரும்பாமலே சாமான் எடுத்துக் கொடுத்தாள்.

“நேத்து எல்லாரும் வெளிய நின்னுதான் பார்த்தாங்க தங்கச்சி” என்றாள் நவமணியிடம். “விறகை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டாங்க. இன்னிக்கு ஒருத்திக்கும் வாசப்படி தாண்ட முடியலை.”

சாம்பசிவம் அவளை லோரிக்குப் பின்னால் கூப்பிட்டு ஏதோ கேட்டார். தகரத்தின் மேல் மழை அடித்த சத்தத்தில் நவமணிக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. செல்லம்மாவின் முகம் மட்டும் குப்பென்று சிவந்ததும், சாம்பசிவம் மன்னிப்புக் கேட்பது போலக் கையெடுத்ததும் தெரிந்தது.

“என்ன சார் கேட்டீங்க? வயசு கேட்டீங்களா?”

“வா, கிராணியாரைப் பார்க்கணும்.”

சிங்காரம் போர்ட்டிகோவில் நின்றிருந்தார். பிற்பகலில் வரவேண்டிய வெளிநாட்டுப் பயணிகள் பஸ்ஸை எதிர்பார்த்துச் சாலையைப் பார்த்தபடி. சாம்பசிவம் அவர் தோளில் கை போட்டு ரகசியம் போலச் சொன்னார்.

“கிராணியாரே, நீங்க அந்தக் குடும்பத்து மேல இரக்கப்பட்ட ஆளு, அதனால சொல்றேன். செல்லம்மா ஆயுத பூஜையன்னிக்கு அந்தத் தொலைநோக்கிக்கும் பொட்டு வெச்சிருக்கு. வெளிய தெரிஞ்சா திட்டு விழும்னு, கண் வைக்கிற பக்கத்து வளையத்தைத் திருகி, உள்பக்கமா. ஜீப் வந்ததும் பேழையைத் திறப்போம். பொட்டு இருந்தா அசல். முருகையா திருடன்தான். இல்லைன்னா, விறகுல கிடைச்சது போலி. யாரோ மாத்தி வெச்சிருக்கான்.”

சிங்காரம் வாயைப் பிளந்தார். “போலியா? நம்ம பங்களாவிலயா?”

“யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

பங்களாவின் வளைவைத் தாண்டியதும் சாம்பசிவம் நவமணியை நிறுத்தினார். “ஆபீசுக்குப் போ. சின்ன துரைகிட்ட இதையே சொல்லு. ஆனா, பெரிய கண்ணாடிப் பக்கத்து மூடிக்குள்ள பொட்டு இருக்குன்னு சொல்லு.”

“கண் வைக்கிற பக்கம்னுதானே அவர்கிட்ட சொன்னீங்க?”

“சொன்னதைச் சொல்லு.”

வயதாகிறது என்று நினைத்துக்கொண்டே போனாள். சின்ன துரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். “பெரிய கண்ணாடிப் பக்கமா?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, ஏதோ வேடிக்கையைக் கேட்டவர் போல அவளையே பார்த்தார். “செல்லம்மாவா சொன்னா அப்படி?”

“ஆமாம்.”

“சரி, போங்க.”

திரும்பி வரும் வழியில் சிங்காரம் புல்வெளியைக் கடந்து மாரியம்மன் கோயில் பக்கம் போவதைப் பார்த்தாள். கொட்டுகிற மழை. சின்ன துரை அலுவலகத்தில். குடை அப்போதும் கக்கத்தில். தொப்பலாக நனைந்து போய்க்கொண்டிருந்தார்.

“பழக்கம் எலும்பு வரைக்கும் ஊறிப்போச்சு சார்” என்றாள் சாம்பசிவத்திடம். “துரை இல்லாத இடத்துலயும் விரிக்கமாட்டேங்கிறாரு.”

சாம்பசிவம் அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பாராட்டுவது போலப் பார்த்தார். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

*

காத்திருப்பதுதான் நவமணிக்குப் பிடிக்காத வேலை. சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். பனிமூட்டம் கொழுந்துக் காட்டை ஒரு வரி விழுங்கி ஒரு வரி துப்பியது. கீழே வளைவில் என்ஜின் உறுமும் போதெல்லாம் ஜீப்போ என்று எட்டிப் பார்த்தாள். வந்தவை எல்லாம் காய்கறி லோரிகள்.

அந்த நேரத்தில்தான் பார்த்தாள். பங்களாவின் பின்கதவு திறந்தது. சின்ன துரை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையில் துணியில் சுருட்டிய நீளமான ஏதோ ஒன்று. லேண்ட்ரோவரின் பின்னால் அதைப் போட்டுவிட்டு அலுவலகப் பக்கம் ஓட்டிப்போனார்.

நவமணி சாம்பசிவத்தைத் தேடி ஓடினாள். அவர் கூடத்தில் பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்! சின்ன துரைதான்! இப்பத்தான் அசலை எடுத்துட்டுப் போறாரு, துணியில சுத்தி!”

“எவ்வளவு தடிமன்?”

“தலையணை மாதிரி.”

“தொலைநோக்கி உன் மணிக்கட்டுத் தடிமன்.”

“துணி நிறையச் சுத்தியிருப்பாரு! சார், அந்தாளு வண்டி போயிட்டு இருக்கு, நீங்க இங்க பூட்ஸ் தடத்தைப் பார்த்துக்கிட்டு...”

வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. இந்தத் தடவை ஜீப்தான்.

*

கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். சேற்றுச் சப்பாத்தோடு போலீஸ் சார்ஜன். சின்ன துரை. சிங்காரம், குடையை ஊன்றியபடி. இரண்டு வாட்ச்மேன்களுக்கு நடுவே முருகையா. அவன் தோளில் இப்போது ஒரு தடித்த கம்பளி. வாசற்படியில் செல்லம்மாவும் இருளப்பனும்.

சாம்பசிவம் பொட்டுக் கதையைச் சார்ஜனுக்கு இரண்டே வரியில் சொன்னார். செல்லம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். முருகையா என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஒரு பார்வையில் அவனை அடக்கினாள்.

சின்ன துரை பேழையைத் திறந்தார். சாம்பசிவம் தொலைநோக்கியை எடுத்து முதலில் பெரிய கண்ணாடிப் பக்கத்து மூடியைக் கழற்றினார்.

சுத்தம். பித்தளை பளபளவென்று இருந்தது.

“இல்லை!” நவமணி துள்ளினாள். “போலி! நான் சொல்லலை?”

“பொறு” என்றார் சாம்பசிவம். மறுமுனையைத் திருப்பினார். கண் வைக்கிற வளையத்தை மெதுவாகத் திருகினார். அது கழன்று வந்தது.

உள்பக்கம் வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

நவமணி துள்ளுவதை நிறுத்தினாள். வாசற்படியில் இருளப்பன் “ஐயோ மாமா” என்றான். சிங்காரம் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

“அசல்தான். நம்ம துரையோட தொலைநோக்கிதான். அந்தப் பொண்ணு பக்தியா வெச்ச பொட்டே காட்டிக் குடுத்துருச்சே. முருகையா, உனக்கு ஏம்ப்பா இந்தப் புத்தி?”

சார்ஜன் இடுப்பில் தொங்கிய விலங்கைத் தொட்டார். “அப்போ நான் கூட்டிட்டுப் போகலாம்தானே?”

“ஒரே ஒரு கேள்வி” என்றார் சாம்பசிவம். “செல்லம்மா, இங்க வாங்க. இது நீங்க வெச்ச பொட்டா?”

செல்லம்மா வந்தாள். அந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு அங்கே நின்ற எல்லாரையும் பார்த்தாள்.

“நானா? இதுக்கா?”

சார்ஜன் விலங்கிலிருந்து கையை எடுத்தார்.

“எங்க மாமியா அந்தா அந்த மலையில கொழுந்து எடுத்துச்சு. பிள்ளைக்குப் பால் குடுக்கச் செடி மறைவுல உக்காந்திருக்கு. துரை இந்த வராந்தாவுல உக்காந்து இந்தக் கண்ணுலதான் பார்த்தாரு. கங்காணி ஓடியாந்து எழுப்பி விட்டான், பிள்ளை வாயில பால் இருக்கையிலேயே.” அவள் கை முருகையாவைக் காட்டியது. “அந்தப் பிள்ளைதான் இவரு. தெனம் இதைத் துடைக்கிறாரு, அது வேலை. பொட்டு வெக்கிறது வேலையில்ல. கக்கூஸ் சங்கிலிக்கு வெப்பேன். இதுக்கு வெக்கமாட்டேன். லைன்ல ஒரு பொம்பளை வெக்கமாட்டா.”

நவமணி சாம்பசிவத்தைப் பார்த்தாள். “அப்போ நீங்க சொன்னது...”

“பொய். வீடு பூரா பொட்டு இருக்கு, இதோட முக்காலியில மட்டும் இல்லை. ஏன்னு லோரிக்குப் பின்னால கேட்டேன். கேட்டதுக்கே அவங்களுக்குக் கோபம் வந்துச்சு. நான் கூப்பிடற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லி வெச்சேன்.” அவர் வளையத்தை உயர்த்திக் காட்டினார். சந்தனம் விரலில் ஒட்டியது. “போன வாரம் வெச்ச சந்தனம் காய்ஞ்சு உதிரும். இது இன்னும் ஈரம். இல்லாத பொட்டு இருக்குன்னு நான் சொன்னேன். அதைக் கேட்ட யாரோ ஒருத்தர், போலியை அசலாக்கிடலாம்னு அவசரமா வெச்சிருக்காரு.”

“எனக்குப் பெரிய கண்ணாடிப் பக்கம்னு சொன்னாங்க” என்றார் சின்ன துரை.

“தெரியும். கண் வைக்கிற பக்கம்னு நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்.”

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சிங்காரத்தின் டை முடிச்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது.

“இந்தப் பொண்ணும் அப்ப பக்கத்துல நின்னு கேட்டுச்சே!”

“என்கிட்ட பேழைச் சாவி இல்ல கிராணியாரே” என்றாள் நவமணி. “சந்தனமும் இல்ல, கோயில் பக்கம் போனது நீங்கதான். பையில கோஸ் வாசனைதான் இருக்கு. உங்களுக்கே தெரியுமே, கண்ணைத் துடைச்சீங்க.”

“நான் எதுக்கு அந்த ஏழை மேல பழி போடப் போறேன்? போலீஸ் வேணாம்னு கெஞ்சினவன் நான்!”

“அதுதான் எனக்கு முதல்ல இடிச்சது” என்றார் சாம்பசிவம். “போலீஸ் வந்தா பொருளை உத்துப் பார்ப்பாங்க. உங்களுக்கு அது கூடாது. சும்மா மாத்தி வெச்சாலும் மறுநாள் துடைக்கிறவன் கை கண்டுபிடிச்சிடும். இந்த வீட்ல அசலோட கனம் தெரிஞ்ச கை ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கையைத் திருட்டுக் கையா ஆக்கிட்டா, அப்புறம் அது என்ன சொன்னாலும் சிரிப்பாங்க. தொலைஞ்ச பொருள் திரும்பி வந்தா யாரும் தட்டிப் பார்க்கிறதில்லை, சந்தோஷமா உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. நல்ல யோசனைதான். ஆனா ஒரு தப்பு. வர்றவங்ககிட்ட சொல்லிச் சொல்லி உங்க சரித்திரத்தை நீங்களே நம்பிட்டீங்க. நட்சத்திரம் காட்டின துரை, பிரியப்பட்ட சனம். அதனாலதான் செல்லம்மா இதுக்கும் பொட்டு வெச்சிருக்கும்னு சொன்னதும் கொஞ்சமும் சந்தேகம் வரலை.”

சின்ன துரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்கம்மாவும் அந்த மலையிலதான் கொழுந்து எடுத்தாங்க. செல்லம்மா பொட்டு வெச்சான்னு சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு.”

“நீங்க துணியில சுத்தி எடுத்துட்டுப் போனது?” நவமணியால் அடக்க முடியவில்லை.

அவர் கண் முருகையா பக்கம் போனது. முருகையா தோளில் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். நவமணி அதைப் பார்த்தாள். தலையணைத் தடிமன். அவள் காது சூடாயிற்று.

“பொட்டு வெச்சது தப்புன்னா சட்டத்துல அதுக்கு என்ன தண்டனை?” சிங்காரத்துக்குத் தைரியம் திரும்பியிருந்தது. “போலின்னு சொல்றீங்க. அசல் எங்க? என் வீட்டையும்தான் நேத்து சோதிச்சாங்க. கேட்ல ஒவ்வொரு பையையும் பார்க்கிறாங்க. காட்டுங்க பார்ப்போம்!”

சார்ஜன் சாம்பசிவத்தைப் பார்த்தார். சாம்பசிவம் உதட்டைப் பிதுக்கினார். “அவர் சொல்றதும் சரிதான். வாங்க, வெளிய போய்ப் பேசுவோம்.”

நவமணிக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு தூரம் இழுத்துவிட்டு விட்டுவிடுவதா? எல்லாரும் போர்ட்டிகோ தாண்டி இறங்கினார்கள். மழை சாய்த்து அடித்தது. கீழே வளைவில் பயணிகள் பஸ் ஒன்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. சிங்காரத்தின் பார்வை அதன் மேலேயே இருந்தது.

“கிராணியாரே, மழை” என்றார் சாம்பசிவம். “குடையை விரிங்க.”

“துரை நிக்கிறாரு...”

“நான்தான் சொல்றேன்” என்றார் சின்ன துரை. “விரிங்க.”

சிங்காரம் விரிக்கவில்லை. மழை அவர் முகத்தில் வழிந்தது. சார்ஜன் கையை நீட்டிக் குடையை வாங்கினார், எடையை உணர்ந்து ஒரு கணம் நின்றார், பிறகு உதறி விரித்தார். மடிப்புக்குள்ளிருந்து கனமான பித்தளைக் குழல் ஒன்று சரிந்து ஈரப் புல்லில் விழுந்தது.

“பஸ்ல வர்றவர்தான் வாங்கப் போறவரா?” என்றார் சாம்பசிவம். “பரவாயில்லை, அதை சார்ஜன் கேட்டுக்குவார்.”

முருகையா குனிந்து அதை எடுத்தான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிப் பார்த்தான்.

“இதுதாங்க” என்றான்.

*

ஜீப் சிங்காரத்தோடு கிளம்பிற்று. சின்ன துரை பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து முருகையாவிடம் நீட்டினார்.

“இந்தா முருகையா. பஸ் வந்துருச்சு. போய்த் திற.”

முருகையா கையை நீட்டவில்லை.

“வாங்கிக்க மாமா” என்றான் இருளப்பன்.

“நேத்து என் வீட்டு விறகைக் கலைச்சப்ப லைன் பூரா நின்னு பார்த்துச்சுங்க தொரை” என்றான் முருகையா. குரல் உயரவில்லை. “இப்ப நீங்க என்கிட்ட மட்டும் சாவி குடுக்குறீங்க. என் பொண்டாட்டி நாளைக்குக் கொழுந்துக்காட்டு வழியா எப்படி நடப்பா? பெரட்டுல எல்லாரும் நிக்கையில ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்.”

சின்ன துரை நீட்டிய சாவியைப் பின்னுக்கு இழுத்தார். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அங்கே துரைமார் உத்தரவு சொல்வார்கள். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு துரை அங்கே நின்று சொன்னதாக யாரும் கேட்டதில்லை. நவமணி, “கேட்டது அவ்வளவு பெரிசில்லையே சார்” என்று சாம்பசிவத்தின் காதில் சொன்னாள். “இதை விடப் பெரிசு அந்தாளுக்கு வேற இல்ல” என்றார் அவர்.

சின்ன துரை கீழே பார்த்தார். நிறுவைக் கொட்டகையில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அன்றைய கொழுந்தை நிறுக்கும் நேரம். லைன் முழுக்க அங்கே இருந்தது.

“நாளைக்கு எதுக்கு?” என்றார்.

லேண்ட்ரோவரில் ஏறவில்லை. வெறும் தலையோடு மழையில் இறங்கி, செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் நடந்தார். அவர் என்ன சொன்னார் என்பது மேலே கேட்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார், அவ்வளவு தெரிந்தது. வரிசை கலைந்து அவரைச் சுற்றிக் கூடியது. அப்புறம் ஒரு முக்காடு பங்களா பக்கம் திரும்பிற்று. பிறகு எல்லா முக்காடுகளும். யாரோ ஒருத்தி கையை உயர்த்தி “அக்கோவ்!” என்று கத்தியது மட்டும் மழையைக் கிழித்துக்கொண்டு மேடு வரை வந்தது.

செல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நவமணி இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

சின்ன துரை திரும்பி ஏறி வந்தபோது முழங்கால் வரை செம்மண். சாவிக்கொத்தை மறுபடி நீட்டினார். முருகையா இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் செருகினான். கம்பளியை மடித்து இருளப்பனிடம் கொடுத்தான். முன்கதவைத் திறந்து, பயணிகளுக்கு வழிவிட்டு நின்றான். அவர்களுக்குப் பின்னால் சின்ன துரையும் படியில் கால் வைத்தார்.

“தொரை” என்றான் முருகையா.

“என்ன?”

“சேத்துக் காலோட முன்பக்கமா ஏறாதீங்க. மெழுகு போட்ட தரை.” கையை நீட்டிக் காட்டினான். “அப்படிச் சுத்திச் சமையற்கட்டுப் பக்கமா வாங்க.”

சின்ன துரை தன் காலைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மழையோடு பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.